நேற்று பேசிய லத்தீன்

வக்கீலுக்குக் கோர்ட்டில் 'லத்தீன்' என்றுதான் பட்டப்பெயர். வாயைத் திறந்தால் சட்ட லத்தீன் கொட்டும். நேற்றும் அப்படித்தான், எதிர்த்தரப்பு வாட்ச்மேனைச் சுருட்டிப் போட்டார்.

"ட்யூட்டியில தூங்கவே இல்லைன்னு இவர் சொன்னது பொய்! ஃபால்சஸ் இன் யூனோ, ஃபால்சஸ் இன் ஆம்னிபஸ். ஒன்றில் பொய்யென்றால் எல்லாவற்றிலும் பொய். என் கட்சிக்காரர் கிடங்கை உடைச்சிட்டு ஓடினதைப் பார்த்தேன்னதும் பொய்!"

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று நீதிபதி வாட்ச்மேன் சாட்சியத்தை அடியோடு தள்ளினார்.

இன்று சாட்சிக் கூண்டில் தையற்காரர். குற்றம் சாட்டப்பட்ட டிரைவருக்கு அக்கா புருஷன். கிடங்கு உடைந்த நேரத்தில் மச்சான் தன்னோடு மொட்டைமாடியில் இருந்தான் என்று சொல்ல, அவரை விட்டால் நாதியில்லை. அது எடுபடாவிட்டால் டிரைவருக்கு ஜெயில்தான்.

அரசு வக்கீலம்மா இனிக்க இனிக்கக் கேட்டார். "மாடியில என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"சும்மா காத்து வாங்கினேங்க."

"சிகரெட்?"

தையற்காரரின் கண் முன்வரிசையில் இருந்த மனைவியைத் தொட்டு மீண்டது. "அதை விட்டு வருஷக் கணக்காச்சும்மா. பொண்டாட்டி மேல சத்தியம்!"

லத்தீன் தன் குறிப்புத்தாளைப் பார்த்தார். காலையில் இதே கோர்ட்டில் டிரைவர் சொல்லியிருந்தான்: 'அத்தான் சிகரெட்டுக்கு நான்தாங்க தீப்பெட்டி கொடுத்தேன்.' சாட்சி தன் முறை வரும்வரை வெளியே இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் தையற்காரருக்கு அது தெரியாது. மனைவிக்குத் தெரியும்.

"அதான் காலையிலேயே உடைஞ்சு போச்சே, மனுஷா!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வக்கீலம்மா லத்தீன் பக்கம் திரும்பிச் சிரித்தார். "நேத்து சார் நடத்தின பாடம்தான், கனம் கோர்ட்டார் அவர்களே. ஒன்றில் பொய்யென்றால்..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

ஆப்பைப் பிடுங்கிய குரங்கு போல லத்தீன் உட்கார்ந்திருந்தார். வாயை மூடிக்கொண்டால் டிரைவருக்கு இருந்த ஒரே சாட்சி போச்சு. மறுத்துப் பேசினால் நேற்று ஜெயித்ததும் போச்சு. குற்றவாளிக் கூண்டின் கம்பியைப் பிடித்திருந்த டிரைவர் அவரையே பார்த்தான்.

லத்தீன் எழுந்தார். முதல் முறையாக வெறும் தமிழில் பேசினார்.

"அது கட்டாயச் சட்டம் இல்லைங்க, ஒரு எச்சரிக்கைதான். பயத்துல ஒரு பொய் சொல்றவன் மத்ததுல நிஜம் சொல்லலாம். நேத்து நான் வாதாடினது தப்பு. வாபஸ் வாங்கிக்கறேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ வாட்ச்மேன் சொன்னதையும் எடைபோடணுமே?"

"ஆமாங்க" என்றார் லத்தீன்.

"டேய், இந்த வக்கீலுக்கு உங்க அத்தானே பரவாயில்லைடா" என்று அக்கா தம்பியைப் பார்த்து முனகினாள்.

"வாட்ச்மேன் வெளியேதான் உட்கார்ந்திருக்கார்" என்றார் வக்கீலம்மா.

டவாலி கூப்பிட்டதும் கதவு திறந்தது. வாட்ச்மேன் வந்தார். முகம் கழுவி, தலை வாரி, துளித் தூக்கமும் இல்லாத கண்களோடு.