சங்கு ஊத அனுமதி இல்லை

காலை ஆறு இருபது, மறுபடியும் அனுமதி இல்லை என்கிறது திரை, சங்கு அறைக் கணினியின் நிர்வாகியாக, முழு அதிகாரத்தோடுதான் சுகந்தி கேட்கிறாள், அந்தக் கணினியில் அதற்கு மேல் அதிகாரம் கிடையாது, ஆனால் இந்த விதி அதற்கும் மேலே உட்கார்ந்திருக்கிறது, உட்கார வைத்தவளே அவள்தான்... மலைமேல் ஓடையில் நீர்மட்டம் ஏறிக்கொண்டே போகிறது, குற்றாலத்தில் அருவிக்கடியில் ஆட்கள் நிற்கிறார்கள், எச்சரிக்கைச் சங்கு ஊத வேண்டும், சில மைல் தள்ளி குத்துக்கல்வலசையில் தன் வீட்டிலிருந்து அவளால் ஊத முடியவில்லை. போன சீசனில் எவனோ வெளியிலிருந்து கணினிக்குள் நுழைந்து, நிர்வாகியாகி, வேடிக்கைக்குச் சங்கை ஊதிவிட்டான், சிதறி ஓடிய கூட்டத்தில் ஒரு கர்ப்பிணி வழுக்கி விழுந்தாள், அதற்குப் பிறகுதான் இந்த விதி. சங்கு அறையின் கணினியிலிருந்து மட்டும், அங்கே பணியில் இருப்பவர் பெயரில் மட்டும், வெளியிலிருந்து நிர்வாகிக்கும் கிடையாது. விதியைத் தளர்த்தவும் நேரில் போய்க் கணினியை அணைத்துப் போட வேண்டும். இனி எவனாலும் முடியாது என்று அலுவலகக் கூட்டத்தில் சொன்னாள், கைதட்டினார்கள். எவனாலும் என்றபோது தன்னை ஏன் எண்ணவில்லை?

பணியில் இருப்பது பரமசிவன் அண்ணாச்சி, ஆனால் அவர் போனை எடுத்தது சங்கு அறைக்கு எதிர் டீக்கடை நூர்நிஷா. "அண்ணாச்சி எண்ணெ தேச்சுக்கிட்டு குளிக்கப் போயிருக்காவ தாயி, போனும் சாவியும் எங்கிட்டதான் கெடக்கு. சாரல் விழுந்துட்டா அவுகளுக்குப் பொண்டாட்டி பேரே மறந்துரும்லா." கூட்டம் சேருமுன் ஒரு குளியல், இங்கே யார்தான் செய்யவில்லை, அவளே செய்திருக்கிறாள்... அருவிப் பக்கம் வேலை பார்ப்பவரும் அருவிக்குப் போவார் என்று விதி எழுதும்போது தோன்றவில்லை. வெள்ளம் வருது, ஓடிப்போய்க் கத்துங்கக்கா என்றாள். "இந்த எரைச்சல்ல கத்துனா கேக்குமா? எங்க வீட்டு ஆள ஓடச் சொல்லியிருக்கேன், அவரு முட்டிய வச்சுக்கிட்டு எப்பம் போய்ச் சேருவாரோ." இன்னொரு போனில் கூப்பிட்டால் காவல் சாவடியில் மணி அடிக்கிறது, எடுப்பாரில்லை.

அறையைத் திறந்து கணினி முன்னால உட்காருங்கக்கா. முகம் பார்த்திராத ஒருத்தியிடம் சொல்கிறாள், வேறு யாரிடம் சொல்வது? அண்ணாச்சியின் கடவுச்சொல் தெரியாது, எனக்குக்கூடச் சொல்லாதீங்க என்று அவள்தான் சொல்லி வைத்தாள். தன் பெயர்... அந்த நாற்காலியிலிருந்து தன் பெயருக்கு அனுமதி வைத்தாள், சோதனைக்காக வைத்தாள், பிறகு எடுத்துவிட்டாளா, எடுத்ததாக நினைத்து விட்டுவிட்டாளா? திறந்து பார்க்கலாமென்றால் விதியை வெளியிலிருந்து படிக்கவும் தடை. தவறான பெயரைப் போட்டால் கணினி பூட்டிக்கொள்ளும், அதுவும் அவள் எழுதியதுதான், எல்லாம் அவள் எழுதியதுதான். நீர்மட்டம் சிவப்புக்கு மாறுகிறது. போனுக்குள் நாற்காலி இழுபடும் சத்தம், அதற்கு அப்பால் அருவி, அப்போதுதான் உறைக்கிறது... சங்கு ஊத அனுமதி உள்ள ஒரே ஆள் அந்தத் தண்ணீருக்கடியில் நிற்கிறார்.

"தாயி, கேக்குதா? நீ யாருன்னு இதுல கேட்டிருக்கு. யார் பேரைப் போடட்டும்?"