சகலைகள் திறந்த பேட்டரி

சகலைகள் இருவரும் பேசிப் பதினோரு நாளாயிற்று. ஒரே ஒர்க்‌ஷாப்பில், ஒரே மின்சாரக் காரின் அடியில் தோளோடு தோள் உரசிக்கொண்டு வேலை பார்ப்பவர்கள் அத்தனை நாள் பேசாமலிருப்பது லேசான காரியமில்லை. அதற்குத் தனிப் பிடிவாதம் வேண்டும். சின்ன சகலைக்கு அது நிறையவே இருந்தது.

காரணம் ஒன்றும் பெரிதில்லை. மாமியார் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெரிய சகலை ஒரு கதையை எடுத்துவிட்டார். ஒரு காரில் ஏன் சார்ஜ் ஏறவில்லையென்று சின்னவன் அரை நாள் அதைக் குடைந்த கதை. கடைசியில் பார்த்தால் சுவரில் சுவிட்சே போடவில்லை. வீடே சிரித்தது. அவன் பெண்டாட்டி புரையேறும் வரை சிரித்தாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஆனால் பேட்டரி வேலையில் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை எடுத்துப் பெட்டியைத் திறந்தால் ஒருவர் கை வைக்க வேண்டும், இன்னொருவர் மின்சாரம் பாயாத நீளக் கொக்கியோடு பக்கத்தில் நிற்க வேண்டும், ஷாக் அடித்தால் இழுத்துப் போடுவதற்கு. கை வைப்பவர் செய்வதைச் சத்தமாகச் சொல்ல, நிற்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அதனால் இத்தனை நாளாக அவர்களுக்குள் நடந்த உரையாடலெல்லாம் இவ்வளவுதான்:

“சர்வீஸ் பிளக் எடுத்தாச்சு.”

“எடுத்தாச்சு.”

“மீட்டர் சைபர்.”

“சைபர்.”

அன்று காலை மாமியாரே தன் காரை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

“சார்ஜ் நாப்பது சதவீதம் இருக்குங்குது. ஒரு மேடு ஏறினா பன்னண்டுங்குது. உங்க மாமனார் மாதிரியே ஆயிடுச்சு, நம்பி எங்கேயும் கிளம்ப முடியல” என்று சொல்லிவிட்டு, தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சண்டை தெரிந்துவிடக் கூடாதென்று மருமகன்கள் இருவரும் அவசரமாக ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவைத்தார்கள்.

கம்ப்யூட்டர் ஏழாவது செல் தொகுப்பைக் குற்றம் சொன்னது. வண்டி இழுக்கும்போது அங்கேதான் வோல்டேஜ் சரிகிறதாம்.

“தொகுப்பையே மாத்திடலாம்” என்றார் பெரியவர், கூரையைப் பார்த்து.

“முதல்ல திறந்து பாக்கணும்” என்றான் சின்னவன், தரையைப் பார்த்து.

பெட்டியை லிஃப்ட் மேசையில் இறக்கி மூடியைக் கழற்றினார்கள். சின்னவன் கையுறை மாட்டிக்கொண்டு செல்களை ஒவ்வொன்றாக அளந்தான். எல்லாம் சௌக்கியம். ஆனால் ஏழாவது தொகுப்பை எட்டாவதோடு இணைக்கும் செம்புப் பட்டையின் ஒரு முனை கருத்துக் கிடந்தது. போல்ட்டில் ஸ்பேனரை வைத்தான். வெண்ணெயில் திருகுவதுபோல் சுழன்றது.

உள்ளுக்குள் துள்ளிக் குதித்தான். போன வருஷம் இந்தப் பெட்டியைத் திறந்து மூடியது இவர்கள்தான். சரியாக முடுக்காமல் விட்டது யார்? அத்தை முன்னாலேயே மாட்டிக்கொண்டார் பெரியவர்! டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனான். முடுக்கியதும் போல்ட்டின் தலையில் அவரவர் பேனாவால் கோடு போடுவது வழக்கம். பெரியவர் பேனா பச்சை. இவனுடையது சிவப்பு.

கோடு சிவப்பாக இருந்தது.

பெரியவரும் குனிந்து பார்த்துவிட்டார். அவர் பிடித்திருந்த கொக்கியின் நுனி நடுங்கியது. சிரிப்பை அடக்குகிறார்.

“என்னப்பா கோளாறு?”

“ஒரு போல்ட் லூஸ் அத்தை. பட்டை சூடேறிக் கருகிப்போச்சு. மாத்தினா சரியாயிடும்” என்றார் பெரியவர். அதோடு நிறுத்திக்கொண்டார்.

சின்னவனுக்கு அதுதான் சுருக்கென்றது. கேலி பண்ணியிருந்தால் கோபத்தை இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருக்கலாம்.

“யாரு லூஸா விட்டது?” மாமியார் விடுவதாயில்லை.

“நான்தான் அத்தை. கோடு மட்டும் நல்லாப் போட்டிருக்கேன்” என்றான் சின்னவன்.

“பக்கத்துல நின்னவர் என்ன பண்ணினாரு?”

பெரியவர் தலையைச் சொறிந்தார். “‘முடுக்கியாச்சு’ன்னான். நானும் ‘முடுக்கியாச்சு’ன்னேன்.”

“ரெண்டு பேரும் முகத்தைத் தூக்கி வெச்சிருக்கிறதா பொண்ணுங்க சொன்னாங்க. ஒத்துமையா இருந்தப்பவே லட்சணம் இதுதானா?”

முதலில் சிரித்தது சின்னவன்தான். அசடு வழிய ஆரம்பித்த சிரிப்பு, பெரியவர் கொக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குப் போயிற்று.

புதுப் பட்டையைப் பொருத்தினார்கள். பெரியவர் மூக்கு பெட்டிக்குள் நுழைகிற அளவு குனிந்து ஒவ்வொரு போல்ட்டையும் சரிபார்த்தார். “அண்ணா, வெளிச்சத்தை மறைக்காதீங்க” என்றான் இவன். மூடியின் ரப்பரையும் மாற்றி, பெட்டியை ஏற்றி மாட்டினார்கள்.

ஓட்டிப் பார்க்கும் வேலையை மாமியார் யாருக்கும் விட்டுத்தரவில்லை; மருமகன்களை ஏற்றிக்கொண்டு அவரே ஓட்டினார். மேம்பாலத்தில் சதவீதம் ஒழுங்காக நின்றது. அந்தச் சந்தோஷத்தில் அவர் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பாமல் நேரே மார்க்கெட்டுக்கு விட்டுவிட்டார். “இவ்வளவு தூரம் வந்தாச்சு, வீட்டுக்கு நாலு சாமான் வாங்கிடலாம்.”

கிரீஸ் படிந்த யூனிஃபாரத்தோடு, கைக்கு இரண்டு பையாகத் தூக்கிக்கொண்டு, மருமகன்கள் அவர் பின்னால் நடந்தார்கள். மத்தியானம் வரப்போகும் வண்டிக்குக் கோளாறு பேட்டரியைக் குளிர்விக்கும் பம்பிலா, குழாயிலா என்று அவர்களுக்குள் பெரிய வாக்குவாதம். மாமியார் வெங்காயக் கடையில் நின்றதைக்கூடக் கவனிக்காமல் இருவரும் தாண்டிப் போய்விட்டார்கள்.