யார் இந்த ஸீ?

ரப்பர் தோட்ட ஆபீஸில் அன்று காலை இருந்தவர்கள்: மலாக்காவிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் செபாஸ்டியன், கங்காணி இருளாண்டி, பால்மரம் வெட்டும் வீரப்பன், தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பிரிஜிட், வாசலில் ஒரு கான்ஸ்டபிள். வாக்குமூலம் எழுத, ஷிப்ட் முடிந்த கையோடு புகைக்கூடத்திலிருந்து இழுத்து வரப்பட்ட நான்.

மலாயாவில் காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தின் ஒன்பதாவது வருஷம். ஜெர்மனிக்கு நர்ஸ் படிப்புக்குப் போக பிரிஜிட்டுக்குப் போலீஸ் நற்சான்று வேண்டும். கடிதம் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. பக்கத்தில், சோதனையில் அவள் பெட்டியிலிருந்து எடுத்த நோட்டு.

"எல்லா வரியிலயும் ஸீ, ஸீ. யாரு இந்த ஸீ? காட்டுல இருக்கறவனா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆள் பேரு இல்ல சார். ஜெர்மன்ல அவளுக்கும் ஸீ, அவங்களுக்கும் ஸீ, மரியாதையா நீங்கன்னு சொல்லவும் ஸீ" என்றாள் பிரிஜிட்.

"அரிசி மாதிரி வார்த்தைக்கும் கூப்பன் போட்டுட்டானுங்களா லா?" என்றான் இருளாண்டி.

"ஸீ கொம்ட்னா அவ வர்றா. ஸீ கொம்மன்னா அவங்க வர்றாங்க. நீங்கன்னு சொல்லவும் கொம்மன்தான். எழுதினா, நீங்கன்ற ஸீக்கு மட்டும் வரிக்கு நடுவுலகூட முதல் எழுத்து பெருசா இருக்கும். பேச்சுல, யாரப் பாத்துச் சொல்றாங்கன்னு பாக்கணும்."

இன்ஸ்பெக்டர் அவளைத் திரும்பி நிற்கச் சொல்லி நோட்டிலிருந்து ஏழு வரிகள் வாசித்து, எது எந்த ஸீ என்று கேட்டு, கீழே அவள் எழுதியிருந்த தமிழோடு ஒப்பிட்டார். ஆறுக்குச் சரியாகப் பதில் சொன்னாள். ஏழாவதற்கு, "ரெண்டாவும் இருக்கலாம் சார், காதால மட்டும் சொல்ல முடியாது" என்றாள். அதனால்தான் நம்பினார். பேனாவைத் திறந்தார்.

"ஓரத்துல எதுக்கு ஆளுங்க பேரு?" என்றார்.

"எந்த ஸீன்னு குழம்பாம இருக்க சார். காலைல ஆள் எண்ற பெரட்டுல பாக்கறவங்கள வச்சு எழுதினேன்."

ஒரு வரியில் 'அவர்கள் வரவில்லை'. ஓரத்தில்: வீரப்பன், முத்தாயி, ஒன்பதாம் தேதி.

அந்த ஒன்பதாம் தேதி விடியுமுன்தான் வேலிக்கு வெளியே, காட்டுக்காரர்களுக்கு அரிசி போயிருந்தது; அதை விசாரிக்கத்தான் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். இருளாண்டியின் பெரட்டுப் புத்தகத்திலோ அன்றைக்கு எல்லாரும் ஆஜர்.

"நானும் எம் பொண்டாட்டி முத்தாயியும் வந்தோம் சார். ஆத்தா சத்தியமா" என்றான் வீரப்பன்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "இது பாடமா, நடந்ததா?"

"தங்கச்சி, சும்மா எழுதினேன்னு சொல்லும்மா" என்றான் வீரப்பன்.

பிரிஜிட் கடிதத்தைப் பார்த்தாள்.

"நடந்தது சார். ரெண்டு பேரும் வரல."

நான் எழுதிக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் நற்சான்றுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அவள் கடிதத்தை நான்காக மடித்து வெளியே போனாள்.

"கங்காணி, புத்தகத்தோட இங்கேயே இரு" என்றார் இன்ஸ்பெக்டர். கான்ஸ்டபிளைப் பார்த்து, "முத்தாயியக் கூட்டிட்டு வரச் சொல்லு" என்றார்.

கான்ஸ்டபிள் வீரப்பனைச் சாமான் அறைக்குள் தள்ளி, கதவைச் சாத்திப் பூட்டினான்.