டயலில் படிந்த நேரம்

“செத்து முப்பத்தோரு வருஷம் ஆன ஒரு மனுஷன்கிட்ட நான் மணி கேட்டிருக்கேன். சொன்னாரு. அதுவும் நிமிஷம் பிசகாம.”

வாட்ச் ரிப்பேர் கடைக்காரர் பீரங்கி இதைச் சொல்லாத ஆள் அந்தத் தெருவில் பாக்கி இல்லை. முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தால் கத்தரிக்கோல்காரரிடம் சொல்வார். பல் பிடுங்கப் போனால் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே டாக்டரிடம் சொல்வார். ஒருவரும் நம்பியதில்லை. எப்படி நம்புவார்கள்? ஒருமுறை தும்மியதில் ஒரு சின்ன வாட்சின் நூற்றுப் பதினேழு பாகங்களும் கடை முழுக்கப் பறந்ததாகவும், அவை தரையைத் தொடுவதற்குள் எல்லாவற்றையும் பிடித்து மாட்டிவிட்டதாகவும் சொன்ன வாய் அது. தான் மூச்சை அடக்கினால் சுவரில் தொங்கும் கடிகாரங்கள் மரியாதைக்கு நின்றுவிடும் என்றும் சொன்ன வாய். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையைப் பார்த்தால்தான் அவருக்கே ஞாபகம் வரும்.

ஆனால் ஒன்று. “சரி, அந்த மனுஷன் மணி எத்தனைன்னு சொன்னாரு?” என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், பீரங்கி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அதற்குமேல் நெம்புகோல் போட்டாலும் வாய் திறக்காது. வாழ்நாளில் அவர் பாதியில் நிறுத்திய கதை அது ஒன்றுதான்.

மீதிப் பாதி இது.

கடையின் அகலம் எவ்வளவு என்றால், பீரங்கி கொட்டாவி விட வேண்டுமானால் வாசலுக்கு வர வேண்டும். ஜன்னலோரம் வேலை மேஜை, வளைகழுத்து விளக்கு, தூசி படாமல் உறுப்புகளை மூடி வைக்கக் கண்ணாடிக் கிண்ணங்கள். மிச்சமிருந்த இடத்தில் ஒரு முக்காலி. அந்த முக்காலியில் அவர் மனைவியின் அண்ணன். எடை அளவு ஆபீசில் முப்பத்துநாலு வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். ஊர் வைத்த பெயர் தராசு. சொந்த மகள் பிறந்த அன்றே, ஆஸ்பத்திரித் தராசு நாற்பது கிராம் கூடக் காட்டுகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்த மனிதர். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு ஒரே ஒரு உத்தியோகம்தான்: தினமும் காலையில் வந்து உட்கார்ந்து, தங்கை புருஷன் விடும் ரீலுக்கெல்லாம் தலையை இடமும் வலமும் ஆட்டுவது.

ஒரு மழை நாள் மத்தியானம் ஒரு அம்மாள் தகர டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். வயது அறுபதுக்குப் பக்கம். கூடவே அவளுடைய மருமகன். டப்பாவைத் திறந்து வாட்சை மேஜையில் வைத்தது மருமகன்தான்.

“சர்வீஸ் பண்ணணும் சார். அப்புறம், இந்த டயலைப் பாருங்க, கேவலமா இருக்கு. சுரண்டிட்டுப் புதுசா பெயின்ட் அடிச்சுடுங்க. பளபளன்னு இருக்கட்டும்.”

பீரங்கி உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். டயல் பழைய டீக்கறை நிறத்துக்கு வந்திருந்தது. மேல்பூச்சு செதில் செதிலாக எழும்பி நின்றது. கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. முட்களின் நடுவே, இருட்டில் ஒளிரும் ரேடியம் பூச்சு, நமத்த பிஸ்கட் மாதிரி வெடித்திருந்தது. முட்கள் பத்தேகால் காட்டின.

“பெயின்ட் வேணாம்,” என்றாள் அந்த அம்மாள். “முள்ளு முன்னாடி எங்க நின்னுச்சுன்னு மட்டும் தெரியணும்.”

“போன வாரம் டப்பாவை எடுத்துக் குடுக்கச் சொன்னாங்க சார்,” என்று மருமகன் தரையைப் பார்த்தான். “சாவி ஏறலை. முள்ளு மட்டும் சுத்துச்சு. சரியான மணிக்குத் திருப்பி வெச்சேன். நல்லதுக்குத்தானே பண்ணேன்.”

“மாப்பிள்ளை, நீங்க போய் வண்டியைப் பாத்துக்குங்க.”

“வண்டி எங்க போகப்போகுது அத்தை?”

“பரவாயில்லை. பாத்துக்குங்க.”

அவன் போனதும் அவள் நின்றபடியே சொன்னாள். தராசு முக்காலியை நகர்த்திக் கொடுத்தும் உட்காரவில்லை.

“என் வீட்டுக்காரர் கட்டியிருந்தது. அவங்க அப்பா குடுத்தது. மில்லுல கீழ்த்தளத்து ஸ்டோர் அவர் காவல். எனக்கு மேல, நூல் சுத்துற இடத்துல வேலை. ஆத்துல வெள்ளம் வந்த அன்னிக்கு சாயந்திரம் நாலேகால் சங்கு ஊதினதும், கீழ்த்தளத்து இரும்புக் கதவை மூடச் சொன்னாங்க. மூடலைன்னா மேல இருக்கிறவங்களும் போயிருப்போம். மூடுற சக்கரம் என் கைக்குப் பக்கத்துல இருந்துச்சு. கீழ யாரும் இல்லைன்னாங்க. சுத்திட்டேன்.”

“அவரு?”

“ராத்திரி பத்து மணிக்கு எடுத்தாங்க. கதவுக்கு அந்தப் பக்கம்.”

மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

“தண்ணி முன்னாடியே அடிச்சிருக்கும், கதவு மூடும்போது உயிர் இருந்திருக்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க. என் கொழுந்தன் ஒருத்தன்தான், நாலரை வரைக்கும் உள்ள இருந்து தட்டுற சத்தம் கேட்டுச்சுன்னான். விசாரணையில என்னைக் கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் கேக்கலைன்னேன். அவனைக் குடிகாரன்னாங்க, பைத்தியம்னாங்க, வேலையை விட்டும் தூக்கிட்டாங்க. முப்பத்தோரு வருஷமா அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கான். இப்ப ஆஸ்பத்திரியில கிடக்கிறான். ரெண்டு நாள் தாங்கினா பெரிசுங்கிறாங்க. போறப்பெல்லாம், ‘இப்பவாவது நம்புறீங்களா அண்ணி’ன்னு கேக்குறான்.”

“நம்புறேன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. சாகப்போற மனுஷன்,” என்றார் தராசு.

“அப்படிச் சொன்னா, அவரு உயிரோட தட்டும்போது நான்தான் அடைச்சேன்னு ஆயிடும் இல்லையா அண்ணே. தெரியாம எப்படிச் சொல்ல? பயந்துக்கிட்டு இந்த டப்பாவை நான் ஒருநாள்கூடத் தொறக்கலை. தொறந்து பாத்துடலாம்னு தைரியம் வந்தப்போ அந்தப் பிள்ளை முள்ளைத் திருப்பிடுச்சு.”

நாளைச் சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டு மழையிலேயே இறங்கிப் போனாள்.

“பாவம்,” என்றார் தராசு. “திருப்பின முள்ளு முன்னாடி எங்க நின்னுச்சுன்னு யாருக்குத் தெரியும்? போகும்போதே சொல்லி அனுப்பியிருக்கலாம், மாப்பிள்ளை.”

“தெரியும் மச்சான். ரேடியம் முள்ளு வருஷக்கணக்கா ஒரே இடத்துல நின்னா, அடியில இருக்கிற டயலைக் கருக்கிடும். முள்ளை எங்க வேணாத் திருப்பு, கருகின நிழல் அங்கேயேதான் இருக்கும்.”

தராசின் தலை இடமும் வலமும் ஆடியது. “இது உன் ஆயிரத்து எட்டாவது ரீலு.”

“பூஞ்சைக்கு அடியில இருக்கும். வெளிய கொண்டுவரணும்.”

மறுநாள் காலையில் இருவரும் ஈரக் கைக்குட்டையை மூக்கின் மேல் கட்டிக்கொண்டார்கள். உதிர்ந்த ரேடியம் தூள் மூச்சில் போகக்கூடாது. “பேங்க் கொள்ளைக்குப் போற மாதிரி இருக்கோம்,” என்றார் தராசு. பீரங்கி பதிலுக்கு ஒன்றும் அளக்கவில்லை. தராசு அப்போதுதான் கொஞ்சம் கவலைப்பட்டார்.

முட்களுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகி, நெம்புமுனை டயலில் படாமல் ஒவ்வொரு முள்ளாகத் தூக்கி எடுத்தார் பீரங்கி. டயலைப் பிடித்திருந்த இரண்டு பொடி ஸ்க்ரூக்களில் ஒன்று வந்துவிட்டது. இன்னொன்று துருவில் கட்டியாகிப்போயிருந்தது. முறுக்கினால் டயல் வளையும்; வளைந்தால் பூச்சு முழுக்க உதிரும். ஊசி நுனியில் எண்ணெய் தொட்டு வைத்தார். அந்தத் துளியின் அளவைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், கொசு அழுதால்கூட அதைவிடப் பெரிதாக வரும். அது இறங்கும்வரை மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். கூடப் போட்டிருந்தால் எண்ணெய் ஊர்ந்து முன்பக்கம் வந்து எல்லாவற்றையும் நனைத்திருக்கும்.

பிறகு பூஞ்சை. ஈரப் பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்தால் இரண்டு நொடியில் போய்விடும். அதோடு எழுத்தும் போகும், நிழலும் போகும். பீரங்கிக்கு அது தெரிந்த விதம் வேறு. தொழிலுக்கு வந்த புதிதில், எல்லாரும் செய்வதுபோல எச்சில் தொட்ட பஞ்சால் ஒரு பழைய டயலைத் துடைத்தார். டயலின் முகம் மொத்தமும் பஞ்சோடு வந்துவிட்டது. வாட்சின் சொந்தக்காரர் திட்டவில்லை. வெறும் தகட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். பீரங்கி ஒருவரிடமும் சொல்லாத கதை அது. உண்மையாயிற்றே, எங்கே சொல்வது?

எனவே காய்ந்த மயிர்த்தூரிகை, ரப்பர் பந்தால் காற்று, பென்சில் மாதிரி சீவிய மரக்குச்சி. எழும்பி நின்ற செதில்களைத் தொடாமல், அவற்றுக்கு நடுவே கடுகளவு கடுகளவாகப் பூஞ்சையை விலக்கிக்கொண்டு வந்தார். மூச்சை அடக்கினார். சுவர்க் கடிகாரங்கள் எதுவும் மரியாதைக்கு நிற்கவில்லை. அவை பாட்டுக்கு ஓடின.

மூன்று மணிவாக்கில் நிழல் வந்தது. குட்டையாக ஒன்று, நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே. நீளமாக ஒன்று, ஆறைத் தாண்டி.

“கறை,” என்றார் தராசு.

“பாருங்க மச்சான்.”

“தண்ணிக்கறை. கறை எந்த மாதிரி வேணாலும் விழும்.” சொல்லிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து எஃகு ஸ்கேலையும் கோணமானியையும் எடுத்தார். ஓய்வு பெற்றது மனிதர்தான். அந்தப் பை இன்னும் பெறவில்லை. டயலின் மேல் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, மேலிருந்தே அளந்தார். காகிதத்தில் எழுதினார். மறுபடி அளந்தார். நீள நிழல் முப்பத்துமூன்றாவது நிமிஷத்தில். குட்டை நிழல் நாலரையைத் தாண்டி ஒரு மயிரிழை. மணி நாலு முப்பத்துமூன்று என்றால் சின்ன முள் எங்கே நிற்க வேண்டுமோ, மிகச் சரியாக அங்கே.

“ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுது,” என்றார் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு. “கறைக்குக் கணக்குத் தெரியாது.”

நாலேகாலுக்கும் நாலு முப்பத்துமூன்றுக்கும் நடுவே பதினெட்டு நிமிஷம்.

“துடைச்சுடு, மாப்பிள்ளை.”

பீரங்கிக்குக் காது சரியாகத்தான் கேட்டதா என்று சந்தேகம் வந்தது.

“ஒரு பஞ்சு, கொஞ்சம் எச்சில். ரெண்டு நொடி. ஒண்ணும் தெரியலைம்மான்னு சொல்லிடலாம். இதை வாங்கிட்டுப் போய் அந்தப் பொம்பளை என்ன பண்ணும்?” முப்பத்துநாலு வருஷம் ஒரு கிராமைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர் சொன்னது இது.

பீரங்கி பஞ்சைக் கையில் எடுத்துவிட்டார். எடுக்கவில்லை என்று சொன்னால் அது பொய். துடைக்கக்கூட வேண்டாம். முட்களை நாலு மணியில் மாட்டிக் கொடுத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? பொய் அவருக்கு இடது கை வேலை.

“நான் சொல்றதை யாரும் நம்புறதில்லை மச்சான்,” என்றார். “அதுல வருத்தம் இல்லை, நான் சொல்றது பொய். அங்க ஒருத்தன் உண்மையைச் சொல்லிட்டு முப்பத்தோரு வருஷமாக் கிடக்கிறான்.” பஞ்சைக் கூடையில் போட்டார்.

ஐந்து மணிக்கு அந்த அம்மாள் வந்தாள். தனியாக. “ஆறு மணிக்கு மேல ஆஸ்பத்திரியில உள்ள விடமாட்டாங்க. அவன்கிட்ட என்ன சொல்றதுன்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்,” என்றாள்.

பீரங்கி விளக்கைத் திருப்பி, கண்ணாடிக்கு அடியில் டயலைக் காட்டினார். அவளுக்குப் பழுப்பின் மேல் பழுப்புதான் தெரிந்தது. மரக்குச்சியால் காற்றில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார்.

“நாலு முப்பத்துமூணும்மா.”

“விடிகாலை நாலரையா இருக்குமோ?” என்று கேட்டாள். பிறகு அவளே, “இல்லை. ராத்திரி பத்துக்கே எடுத்தாச்சு,” என்றாள். “வாட்ச் தப்பா ஓடியிருந்தா? இல்லை. தினம் மில் சங்குக்குத்தான் திருப்பி வெப்பாரு.” டயலை மறுபடி குனிந்து பார்த்து, “அவரு போனப்புறமும் தண்ணிக்குள்ள ஓடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?” என்றாள்.

“ரெண்டு நிமிஷம் தாங்காதும்மா. பழைய மூடி. தண்ணி உடனே ஏறிடும். அதுவரைக்கும் கையைத் தண்ணிக்கு மேல வெச்சிருந்திருக்காரு.”

எந்தக் கை, எதற்காக மேலே இருந்தது என்று பீரங்கி சொல்லவில்லை. அவள் மெல்ல முக்காலியில் உட்கார்ந்தாள். தராசு எப்போதோ எழுந்து சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்.

“உங்களைப் பத்தி வெளியில விசாரிச்சேன்,” என்றாள். “நல்ல வேலைக்காரரு, ஆனா வாயைத் தொறந்தா பொய்தான்னாங்க.”

“ஆமாம்மா. சரியாத்தான் சொல்லியிருக்காங்க.”

“எல்லாமேவா?”

“அநேகமா எல்லாமே.”

“அப்போ இதுவும்...” என்று நிறுத்தினாள். அவள் முகத்தில் நம்பிக்கை மாதிரி ஏதோ ஒன்று மேலே எழும்பி வந்தது. பீரங்கியால் அதைப் பார்க்க முடியவில்லை. அவள் தராசின் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, நீங்க எடை போடுற ஆபீசுல இருந்தவராமே. உங்க வாயில பொய்யே வராதுன்னாங்க. நீங்க சொல்லுங்க. இவரு சொல்றது உள்ளதா?”

தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். இத்தனை வருஷமாக, சாப்பிடும்போதும் தூங்கும்போதும், பீரங்கி வாயைத் திறந்த உடனேயே இடமும் வலமும் ஆடிப் பழகிய தலை அது. ஆடட்டும், இந்த ஒரு தடவை ஆடிவிடட்டும் என்று பீரங்கி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

தராசு காகிதத்தை எடுத்து, தான் எழுதிய எண்களை இன்னொரு முறை படித்தார்.

“உள்ளதுதாம்மா,” என்றார். “நானே அளந்தேன்.”