பானைத் தண்ணீர் தெளிந்தது

நமசிவாயம் எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் வைத்தான். பல் துலக்கினான். கிணற்றில் ஒரு வாளி இறைத்து, அடுப்பில் ஏற்றினான். கொதி வந்த பிறகும் வெகுநேரம் இறக்கவில்லை. காப்பி போட்டுக் குடித்தான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். மனைவி குழல்வாய்மொழி இறந்துபோன இந்த ஒரு வருஷமாக இதுதான் காலை.

இன்று ஒன்று மட்டும் வேறு. வாளித் தண்ணீர் கலங்கியிருந்தது. நேற்று மாலை வரை அடிமணல் தெரிந்த கிணறு. ராத்திரி சாரல் வலுத்ததில் தண்ணீர் நாலு முழம் மேலே ஏறி, செம்மண் கரைத்த நிறமாகிவிட்டது. லேசாக ஒரு வாடை. போன ஆனியிலும் இப்படித்தான், ஒரே இரவில்.

செல்லச்சாமி முந்தின நாள்தான் இலஞ்சிக்கு வந்திருந்தான். குழல்வாய்மொழியின் அண்ணன். வேலை தென்காசிக்கு மாற்றலானதால், குடும்பத்தோடு இந்த வீட்டிலேயே தங்குவதாக ஏற்பாடு. பெண்டாட்டியும் பிள்ளைகளும் மத்தியான ரயிலில் வருகிறார்கள்.

"கலங்கலுக்கா மாப்பிள இந்த முழி முழிக்கிய?" என்று பையிலிருந்து, கலங்கலைத் தெளியவைக்கும் தேத்தாங்கொட்டை ஒன்றை எடுத்தான். மண்பானையின் உட்புறத்தில் அதை நன்றாக உரசி, தண்ணீரை ஊற்றி மூடினான். "சயன்ஸ் வாத்தியாருக்கு இது தெரியாதாக்கும்!"

தெரியும். போன ஆனியில் உரசியவன் நமசிவாயம்தான். தெளிந்த தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் மொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் குழல்வாய்மொழிக்குக் காட்டினான். வாடை அடிக்குதே என்றாள். மழைத் தண்ணீர் அப்படித்தான் என்றான். அவள் குடித்தாள். அவன் காப்பியைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனான். பானைத் தண்ணீர் முழுக்க அவளுக்குத்தான் ஆயிற்று.

பிறகு காய்ச்சல். டைபாய்டு என்றார் டாக்டர். கொல்லைச் சுவருக்கு அப்பால் இருந்த கக்கூஸ் குழியைப் பார்த்துவிட்டு, மழையில் அதுதான் கிணற்றுக்குள் கசிந்திருக்கும் என்றார். மண் அடியில் படியும், கிருமி படியாது. நமசிவாயம் வகுப்பில் நடத்திய பாடம்தான்.

இன்று அவன் குளித்துவிட்டு வந்தபோது பானைத் தண்ணீர் தெளிந்திருந்தது. செல்லச்சாமி தம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

"பாருங்க, பளிங்கு! பிள்ளைய வந்ததும் இதத்தான் குடிக்கும்."

"குடிக்காதிய மச்சான்."

"ஏன்?"

"அவ குடிச்சதும் இதத்தான்."

"விதிக்குப் போயி கிணத்தக் குத்தம் சொல்லுதியளே! தங்கச்சி புண்ணியவதி. கடைசியா 'முருகா'ன்னுல்லா சொன்னா. அம்ம ஊரெல்லாம் சொல்லுதா." தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனான்.

நமசிவாயம் அவன் கையைப் பிடித்து இழுத்தான். பாதி செல்லச்சாமியின் சட்டையில் கொட்டியது. மீதியைப் பிடுங்கி முற்றத்தில் வீசினான். பானையையும் தூக்கிக் கவிழ்த்தான்.

"கிறுக்கு புடிச்சிட்டா உங்களுக்கு?"

"அவ முருகான்னு சொல்லல. அத்தை வரும்போதே பேச்சு நின்னுட்டு. நாந்தான் பக்கத்துல இருந்தேன்."

செல்லச்சாமி சட்டையை உதறுவதை நிறுத்தினான். "பின்ன என்ன சொன்னா?"

இதை யாரும் நமசிவாயத்திடம் கேட்டதில்லை. காலிப் பானையை நிமிர்த்தி வைத்துவிட்டு, அவள் சொன்னதைச் சொன்னபடியே சொன்னான்.

"நீங்க அந்தத் தண்ணியக் குடிச்சிரலியே?"