வாசற்கல்லுக்கு ஒரு கிண்ணம் சோறு

...நாலு கிண்ணம் போதும் என்றுதானே இவர் சொல்லிவிட்டுப் போனார், பிறகு கை ஏன் ஐந்தாவதை எடுத்தது, எடுத்ததும் ஆவி பறக்கிற சோற்றை ஏன் குவித்தது... தாத்தாவுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று, மாமனாருக்கு ஒன்று, முன்னோருக்குச் சோறு வைக்கிற இந்த சூசொக் அறுவடைப் படையலில் புதிதாக மாமியாருக்கும் ஒன்று. ஐந்தாவதை ஜாடிக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். மாமியார் இருந்தவரை அதை வாசற்கல்லில் வைத்து, "வீட்டுக்காரவங்க, சாப்பிடுங்க" என்பாள். சிரிப்பாக வரும். இந்த மலை முழுக்க அந்தக் காலத்தில் எங்களை ஆண்ட ஜப்பான்காரர்களின் இடுகாடு, பிற்பாடு வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்ட சண்டையில் தப்பி பூசானுக்கு ஓடிவந்தவர்கள் கல்லறைக் கற்களை அடுக்கித்தான் குடிசை போட்டார்கள், எங்கள் வாசற்படியும் அப்படி ஒன்றுதான், எழுத்துப் பக்கம் மண்ணைப் பார்த்தபடி. கவிழ்ந்து கிடந்ததை அப்படியே இழுத்துவந்து போட்டதாக மாமியார் சொல்வாள், புரட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். நான் அதன் அடியில் மீசை வைத்த ஒரு சிப்பாயை நினைத்துக்கொள்வேன், மிதிக்கும்போதெல்லாம் உள்ளங்கால் சில்லென்று இருக்கும், ஆடி வெயிலிலும். மற்றதுக்கெல்லாம் பெரிய கரண்டி, அந்தக் கிண்ணத்துக்கு மட்டும் மாமியார் ஒரு சின்னக் கரண்டியைக் குத்தி வைப்பாள். கஞ்சத்தனம், வேறென்ன... ஜப்பான்காரனுக்கு இது போதும் என்று நினைத்திருப்பாள். போன வருடம் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், இவர் வேண்டாம் என்றார், நான் வைக்கவில்லை. ஒன்பதாம் நாள் என் ஏழு மாதப் பிள்ளை அழாமல் பிறந்தது. அதனாலா? இல்லை, டாக்டர் வேறு ஏதோ சொன்னார்... இப்போது மறுபடியும் ஏழாவது மாதம்.

வெளியே இரும்புச் சத்தம். பக்கத்து வீட்டுக் கடப்பாரையோடு இவர் வந்துவிட்டார். படையலுக்கு முன்னால் கல்லைப் பெயர்த்துப் பள்ளத்தில் உருட்டிவிடப் போகிறாராம். "என்னங்க, வயித்துல பிள்ளை இருக்கு, இன்னைக்கு வேண்டாங்க" என்றேன். "ஜப்பான்காரங்க கப்பலேறிப் போயி இருபத்தஞ்சு வருசமாச்சு, இன்னமும் சோறு கேக்குறாங்களா? எங்கப்பனப் புடிச்சிட்டுப் போயி சொரங்கத்துல போட்டானுங்க, எலும்பு எந்த மூலையில கெடக்குன்னு தெரியல. அவருக்கு யாருடி அங்க சோறு வைக்கிறா?" அவர் சொல்வதும் நியாயம்தான், என் பயமும் பயம்தான். கடப்பாரை இறங்கியது, கல் முனகியது, கல்தானா முனகியது? நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

புரண்டது. மூன்று நாள் மழைக்கு அப்புறமும் அடிப்பக்கம் காய்ந்து கிடந்தது, நேற்றுத்தான் செதுக்கிய மாதிரி எழுத்து. எனக்கு வாசிக்கத் தெரியாது. இவர் குனிந்து, ஜப்பான்காரர்களும் எழுதுகிற அந்தச் சீன எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். "மூணு வயசு" என்றார். பிறகு மெதுவாக, "பொம்பளப் பிள்ளை." கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு ஈர மண்ணிலேயே குந்திக்கொண்டார். "சோறு வச்சிருக்கியா?" வைத்திருக்கிறேன் என்றேன். "எடுத்துட்டு வா, ஒக்புன்." கொண்டு போனேன். அதில் குத்தியிருந்த பெரிய கரண்டியைப் பார்த்தார். "இது எப்படி வாயில நுழையும்? அம்மா ஒரு சின்னது வச்சிருப்பாளே, எங்க அது?"

அதை ஒளித்து வைத்ததே நான்தான், பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று, தைத்து வைத்த சட்டைகளுக்கு நடுவில். பெட்டியைத் திறந்து எடுத்தேன், உள்ளங்காலுக்குத் தெரிந்த அதே சில்லிப்பு விரலில்... இதைக் கொடுத்துவிட்டால் என் பிள்ளைக்கு? கொடுக்காவிட்டால்? வயிற்றில் அசைவில்லை, உள்ளேயும் யாரோ காது கொடுத்துக் கேட்பது போல. மாமியாருக்கும் எழுத்துத் தெரியாதே, கல் இன்றைக்குத்தானே முதல்முதலாகப் புரண்டது... அப்படியானால் இத்தனை வருடம் அவளிடம் சின்னக் கரண்டி கேட்டது யார்?