அத்தையின் செல்லுக்குள் ஒரு ஆடு

அத்தை விஞ்ஞானத்துக்குத் தலைமுடி கொடுத்த கதையைத் தெருவில் பாதிப்பேருக்குச் சொல்லி முடித்திருந்தாள். கொடுத்தது என்னவோ வேரோடு பிடுங்கிய ஒரு சின்னக் கொத்துதான். ஆய்வகத்தில் வேலை பார்த்த அவளுடைய அண்ணன் மகள் அந்த வேர்களின் செல்களை வளர்த்து, தாங்கள் முடியைச் சேர்ந்தவை என்பதையே மறக்கடித்து, எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களாக்கியிருந்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் சடையால் அவளுக்கு ஆய்வகத்தில் ‘பின்னல்’ என்று பெயர்.

செல்கள் உண்மையிலேயே மறந்தனவா என்று பார்க்க அவற்றின் புரதங்களைத் துண்டு துண்டாக்கி எடைபோடும் இயந்திரத்தில் ஏற்றினார்கள். வந்த முடிவில் கெரட்டின் கொட்டிக் கிடந்தது. முடியிலும் நகத்திலும் இருக்கவேண்டிய புரதம்.

ஆய்வகத் தலைவர் உதட்டைப் பிதுக்கினார். எதிலும் விட்டுக்கொடுக்காத அவருக்குப் பின்னால் எல்லோரும் வைத்த பெயர் ‘கறார்’.

“உங்க அத்தை செல் பிடிவாதம் பிடிக்குதும்மா. முடி ஞாபகம் போகவே இல்லை. இல்லேன்னா உன் சடைதான் உள்ள விழுந்திருக்கணும். இன்னொரு தடவை பாரு. அப்பவும் இப்படியே வந்தா மொத்தத்தையும் தூக்கிப் போட்டுடு.”

பின்னல் தொப்பிமேல் தொப்பி போட்டு, சடையைச் சுருட்டி உள்ளே திணித்து, மூச்சைக்கூட அளந்து விட்டு மறுபடி செய்தாள். மறுபடியும் கெரட்டின்.

விஷயம் அத்தையின் காதுக்குப் போனது. “என் செல்லையா பிடிவாதம்னு சொன்னார்? நாளைக்கே வர்றேன், நேர்ல கேட்கிறேன்” என்று குதித்தாள்.

அன்று மாலை, இயந்திரத்தைக் கவனித்துக்கொள்ளும் ‘தராசு’ பின்னலைக் கூப்பிட்டான். சிரிப்பை அடக்க அவன் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தான்.

“இதுவரைக்கும் மனுஷப் புரதங்களோட மட்டும்தான் ஒப்பிட்டேன். சும்மா மிருகங்களோட பட்டியலையும் சேர்த்துப் பார்த்தேன். உங்க அத்தைக்கு ஆட்டுப் பக்கம் சொந்தம் ஏதாவது உண்டா?”

“என்ன உளர்றீங்க?”

“செம்மறி ஆடு. இந்தத் துண்டுகள் மனுஷங்கிட்ட கிடையவே கிடையாது.”

இருவரும் ஒரே நேரத்தில் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பார்த்தார்கள். அங்கே, மனைவி பின்னிக்கொடுத்த சாம்பல் நிறக் கம்பளி ஸ்வெட்டரில், செல் தட்டுகளின்மேல் குனிந்து நின்றிருந்தார் கறார். தலையில் ஒரு முடிகூட இல்லாத மனிதரை யார் சந்தேகப்படுவார்கள்? ‘கம்பளி ஆடை கூடாது’ என்று கதவில் ஒட்டியவரும் அவரேதான்.

“போய்ச் சொல்லிடுங்க” என்றான் தராசு.

“வெறும் வாயால சொன்னா நம்புவாரா? அந்த ஸ்வெட்டர்லேருந்து ஒரு நூல் வேணும்.”

மறுநாள் அத்தை படை திரட்டியதுபோல் வந்து இறங்கினாள். பின்னல் வாசலிலேயே அவளை ஓரங்கட்டிக் காதைக் கடித்தாள். அத்தையின் முகத்தில் கோபம் போன இடம் தெரியவில்லை. கறாரின் அறைக்குள் பசுமாதிரி நுழைந்து, அவர் விளக்கியதற்கெல்லாம் தலையாட்டினாள். கிளம்பும்போது, “தம்பி, தோள்ல என்னமோ ஒட்டிட்டிருக்கு” என்று லேசாகக் கிள்ளி எடுத்தாள். கறார் நன்றிகூடச் சொன்னார்.

வாராந்தரக் கூட்டத்தில் பின்னல் இரண்டு வரைபடங்களைத் திரையில் போட்டாள். ஒன்று செல்லில் வந்த கெரட்டின். மற்றது நூலில் வந்தது. கறார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அச்சு அசல் ஒண்ணாத்தானே இருக்கு! அப்ப செல் மேல தப்பே இல்லை. யாரோ கம்பளியோட உள்ள வர்றாங்க. எந்த அறிவுகெட்டவன் அது? இப்பவே வெளிய அனுப்புங்க!”

“ஆளை அனுப்ப வேண்டாம் சார்” என்றாள் பின்னல் பணிவாக. “ஸ்வெட்டரை மட்டும் வெளிய வச்சா போதும்.”

எல்லோருடைய கண்களும் ஒரே இடத்துக்குப் போயின. கறார் குனிந்து தன் மார்பைப் பார்த்தார். காது சிவந்தது. பிறகு, யாரும் எதிர்பார்க்காத விதமாக, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எழுந்து ஸ்வெட்டரைக் கழற்றினார். உள்ளே இருந்த சட்டையில் காலர் மட்டும்தான் இஸ்திரி கண்டிருந்தது. மீதி கசக்கிய காகிதம்.

“வெளிய தெரியறதுக்கு மட்டும்தாம்மா நேரம் கிடைக்குது” என்றார்.

அடுத்த சோதனையில் கெரட்டின் இருந்த இடம் சுத்தமாகத் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. செல்கள் முடியை எப்போதோ மறந்திருந்தன. அவற்றை இதயத் தசையாக மாற்றும் வேலையைக் கறார் பின்னலிடமே ஒப்படைத்தார். அவை துடிக்க ஆரம்பித்த அன்று அத்தைக்கு அவரே போன் செய்து வரச் சொன்னார்.

அத்தை நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். தட்டில் ஒரு சின்னத் திட்டு சுருங்கியது, விரிந்தது, மறுபடி சுருங்கியது.

“இதுவாடி நான்?”

“நீங்கதான் அத்தை.”

“எதுக்கு இந்த ஓட்டம்? நான் எங்கேயும் போகலை, கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்லு” என்றாள், கண்ணை எடுக்காமலே.